நாலு விரல் இடைவெளி

கம்பிக்கு எட்டடிக்குள்
எந்தக் கிளை நீண்டாலும் வெட்டலாம்.
வெட்டியதை என்ன செய்வதென்று
எங்கள் கையேட்டில் ஒரு வரியும் இல்லை.
அதனால்தான் அரவேனு குவார்ட்டர்ஸ் பின்பக்கம்
எனக்கு மூன்று பாத்தி.

எல்லாக் கிளையும் வீட்டுக்கு வராது.
முதல் வருஷம் வந்தது.
கற்பூர மரத்து இலையைப் பச்சையாகவே பரப்பிவிட்டு
மூக்கு நிறைய நின்றேன்.
பீன்ஸ் விதை பதினெட்டு நாள் யோசித்து
வேண்டாமென்று முடிவெடுத்தது.
அடுத்தது புல்,
ரோட்டோரம் அறுத்தது, கதிர் முற்றியது.
களையை அடக்கக் களையை விதைத்தவன் என்று
தேயிலை பேக்டரி கமலவேணி
ஷிப்ட் முடிந்து போகிறபோதெல்லாம்
வேலியோரம் நின்று சிரிப்பாள்.
சிரித்தவளே ஒருநாள்
அரைச் சாக்கு தேயிலைத் தூசி இறக்கினாள்.
எப்படி வெளியே வந்ததென்று நான் கேட்கவில்லை.
"தனியாக் கொட்டாதீங்க, அடை மாதிரி இறுகிடும்.
சருகோட பிசிறிப் போடுங்க."

இப்போது கொஞ்சம் தெரியும்.
சீகை இலை சீக்கிரம் மண்ணாகும்,
ஆனால் அதன் காய் ஒன்று தப்பி விழுந்தால்
பாத்தி சீகைக்காடு.
சில்வர் ஓக் சருகு நிதானம்;
முழுசாகப் போட்டால் மழை அதன்மேல் வழுக்கிப் போய்விடும்,
கசக்கி நனைத்துப் போட வேண்டும்.
சரிவுப் பாத்திக்குப் பைன் ஊசி.
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்,
ஐப்பசி மழையில் மண்ணையும்.
மண் புளித்துப்போகும் என்றார்கள்.
கேரட்டைக் கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே தாகை.
பனிக்காலத்தில் தேயிலைக் கன்றின் தலையில்
செருகி வைப்பார்களே, அதே தாகை.

ஒன்றை மட்டும் நஷ்டப்பட்டுக் கற்றேன்.
கோஸ் தண்டை ஒட்டி ஒட்டிக் குவித்தேன், பிரியமாய்.
தண்டு நசநசத்து, நத்தை குடியேறி,
பதினொன்று கழுத்தோடு சாய்ந்தன.
அன்றிலிருந்து
தண்டுக்கும் சருகுக்கும் நாலு விரல்.
கம்பிக்கும் கிளைக்கும் போல.

தை முதல் வாரம்,
ராத்திரி இரண்டு மணிக்குப் போன்.
கட்டபெட்டு வளைவில் கம்பி அறுந்து கிடக்கிறது.
பெள்ளிராஜ் ஏணியைப் பிடிக்க
மேலே நான்.
ஸ்பேனர் உள்ளங்கைத் தோலோடு வந்தது.
கீழே தேயிலைச் சரிவு முழுக்க
யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி.
என் பீட்ரூட் நாற்று ஞாபகம் வந்தது.
மேலே இருக்கும்போது அதெல்லாம் வரக் கூடாது.

விடிந்து வந்தால்
எனக்கு முன்னால் காட்டுப்பன்றி வந்து போயிருந்தது.
மூடாக்கின் அடியில் புழு கொழுக்கும் என்று
அதற்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
மூன்றாம் பாத்தியில் பாதியைப் புரட்டி எறிந்துவிட்டு
மறுபாதியை என்னவோ தொடவில்லை.
நாய் குரைத்திருக்கலாம்.
வயிறு நிறைந்திருக்கலாம்.

வெயில் ஏற ஏறத்
திறந்து கிடந்த நாற்றெல்லாம்
வெந்த கீரையாய்க் கறுத்துத் தொய்ந்தது.
இந்தப் பக்கம் தாகையை விலக்கினேன்:
சிவப்புக் காம்பு, பச்சை இலை,
ஒன்றும் நடக்காதது போல.
ரப்பர் கையுறையைக் கழற்றி
சருகின் அடியில் கை விட்டேன்.
சூடு என்று சொல்ல முடியாது.
குளிர் வாசலோடு நின்றிருந்தது, அவ்வளவுதான்.
தோல் உரிந்த கையை
கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கமலவேணி.
"பன்னிக்கு ஒரு கரண்ட் கம்பி இழுத்துவிட வேண்டியதுதானே?"
கரண்ட் ஆபீஸ்காரனிடம் கேட்கிற கேள்வி.
நான் பதில் சொல்லாமல்
புரண்டு கிடந்த சருகை வாரி
மறுபடி பரப்பினேன்,
செத்த நாற்றுக்கும் நாலு விரல் விட்டு.
பழக்கம்.

எட்டரைக்குப் போன்.
கைகாட்டிப் பக்கம் கிளை உரசுதாம்,
பொறி பறக்குதாம், உடனே வரணுமாம்.
"என்ன மரம்?"
"அது எதுக்கு சார்?"
"சும்மா சொல்லுங்க," என்றபடி
சாக்கைத் தேடினேன்.